தாஸ்மேனியாத் தீவைச் சுற்றி ஒரு செலவு

செலவு என்னுஞ் சொல் இக்காலத்தே கைப்பொருள் கரைதலையே பெரிதும் குறிப்பதாயினும், பண்டைத் தமிழில் அது வழிச்செல்லுதலையே முதற்கண் உணர்த்தி நின்றது. பொருள்வயிற் பிரியும் தலைவன் புறப்படுதலைச் செலவு என்றும், புறப்பட்டவன் மனந்திரிந்து தங்கிவிடுதலைச் செலவழுங்கல் என்றும் நம் புலவர் வழங்கினர். வழி மிக்கதும் பணம் குறைந்ததுமாகிய ஒரு செலவினையே இக்கட்டுரையில் யாம் விளக்கப் புகுந்தேம். வேண்டுவன யாவற்றையும் ஒரு தோட்பையில் அடக்கி முதுகிற் சுமந்து, கப்பலிலும் பஸ் வண்டியிலும் காலிலுமாகச் சென்று, உயர்ந்த விடுதிகளை நாடாது கூடாரத்திற் படுத்துறங்கி ஊர் காணும் வழக்கம் இளைஞரிடை எங்கும் பெருகியுளது. அங்ஙனம் சுற்றிவருதற்கு மிக ஏற்றது ஆஸ்திரேலியாவின் தெற்கே கிடக்கும் தாஸ்மேனியாத் தீவு. அதனை யாம் தெரிந்தெடுத்தது மலைவளமும் கடல்வளமும் கருதியன்று. பிற நிலங்களில் மாய்ந்தொழிந்த விலங்குகள் சில அங்கு இன்றும் உயிர்வாழ்கின்றன. அவற்றுள்ளும் சில நம் காலத்திலேயே மறைந்துபோமோ என்று அஞ்சத்தக்க நிலையில் உள்ளன. இவ்விரண்டுமே காரணமாம்.

இத்தீவின் பரப்பு, சூழவுள்ள சிறு தீவுகளையுஞ் சேர்த்து, ஏறக்குறைய 68,400 சதுர கிலோமீட்டர். இலங்கையைக் காட்டிலும் சிறிதே பெரியது என்று கொண்டால் நமக்கு எளிதில் விளங்கும். ஆயின் இலங்கை நிலநடுக்கோட்டை அடுத்தது. இதுவோ தெற்கே 40 பாகைக்கும் அப்பாற்பட்டது. மார்கழி தை மாதங்களே அங்கு வேனில். அக்காலத்தில் இரவு ஒன்பது மணியளவிலும் வானத்தில் வெளிச்சம் எஞ்சியிருக்கும். கி.பி. 1642-இல் ஒல்லாந்தரான ஏபல் தாஸ்மன் இதனைக் கண்டு, பத்தேவியாவிலிருந்த தம் தலைவர் வான் டீமென் என்பாரின் பெயரை இதற்கு இட்டார். கண்டவர் பெயரே நிலைபெற்றது 1856-இல் ஆகும். இவ்விரு பெயர்களுக்கும் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களின் வழித்தோன்றல்கள் இத்தீவை ‘லுட்ருவிட்டா’ என்று வழங்குகின்றனர்.

இது தீவுதான் என்பதே ஐரோப்பியருக்கு நெடுங்காலம் தெரியாதிருந்தது. 1798-ஆம் ஆண்டின் இறுதியில் ஜார்ஜ் பாஸ், மாத்யூ பிலிண்டர்ஸ் என்னும் இருவர் ‘நார்போக்’ என்ற சிறு மரக்கலத்தில் இதனைச் சுற்றிவந்து, பெருநிலத்திற்கும் இதற்கும் இடையே கடல் உண்டென மெய்ப்பித்தனர். அக்கடலே பாஸ் நீரிணை. அதன் அகலம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர்.

இந்நீரிணையைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். யாம் சொல்லப்போகும் விலங்குகளின் வரலாறு முழுதும் இதனுள் அடங்கியுளது. உலகம் பனிமூடிக் கிடந்த ஊழியில் கடல் தாழ்ந்திருந்தமையால் தாஸ்மேனியா பெருநிலத்தோடு ஒட்டியே இருந்தது. பனி உருகிக் கடல் உயர, ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் இடைநிலம் மூழ்கிற்று. அதன் பின்னர், ஏறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முன்னர், ‘டிங்கோ’ என்னும் நாய் கடல்கடந்து வந்த மாந்தருடன் ஆஸ்திரேலியப் பெருநிலத்தை அடைந்தது. அது தெற்கே வந்து பாஸ் நீரிணையின் கரையில் நின்றுவிட்டது. தாஸ்மேனியப் புலி எனப்படும் தைலசீனும், தாஸ்மேனியப் பேய் எனப்படும் சிறு ஊனுண்ணியும் பெருநிலத்தில் 3,000 ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்தமைக்கு டிங்கோவே பெருங்காரணம் என்பர் பலர். தட்பவெப்ப மாறுதலும் மக்கட் பெருக்கமும் என்பர் வேறு சிலர். எங்ஙனமாயினும், நீர் மதிலாய் நின்ற தீவில் அவை பிழைத்தன என்பது உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைவிருப்பால் ஆங்கிலேயர் பெருநிலத்திற் கொண்டுவந்து விட்ட செந்நரியும் இத்தீவில் வேரூன்றவில்லை. ‘குவோல்’ என்னும் வெண்புள்ளி விலங்கின் கிழக்கு இனம் பெருநிலத்தில் 1960-களில் அற்றுப்போயிற்று. தாஸ்மேனியாவில் இன்றும் புல்வெளிகளில் இரவில் இரைதேடித் திரிகின்றது.

இனிச் செலவைத் தொடங்குவோம். வானவூர்தியில் ஒரு மணி நேரத்தில் அடையலாமாயினும், தோட்பையோடு செல்வார்க்குக் கப்பலே சிறந்தது. முன்னர் மெல்போர்ன் நகரிலிருந்தும், 2022 முதல் ஜீலாங் துறையிலிருந்தும் புறப்படும் பெருங்கப்பல் 9 மணி முதல் 11 மணி நேரத்தில் வடகரையிலுள்ள டெவன்போர்ட்டைச் சேர்கின்றது. இரவிற் படுத்தால் விடியலில் தீவு. துறையில் முதலில் எதிர்ப்படுவோர் பைகளைச் சோதிப்பவரே. அவர் தேடுவது பொன்னும் மதுவும் அன்று. ஆப்பிளும் ஆரஞ்சும் காய்கறியும் செடியும் விதையுமே. பழத்திலுள்ள ஒரு புழுவும் ஒரு பூசணமும் தீவுக்குள் புகுதல் ஆகாதென்பது கருத்து. கடலாகிய மதிலைக் கப்பலாற் கடக்கும் நாம், அதிற் பிறவற்றுக்கு வாயில் திறந்துவிடாதவாறு காக்கும் காவல் இதுவாகும். நடைக்காரர் தம் காலணியின் அடியிற் பிற நாட்டு மண் ஒட்டியிராமல் கழுவிக்கொண்டு வருதலும் இதுபற்றியே.

டெவன்போர்ட்டிலிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில் கிரேடில் மலை உளது. தீவில் பயணிகள் இரயில் 1978-உடன் நின்றுபோயினமையால் பஸ்ஸே துணை. மேற்குக் கரைப் பக்கம் அதுவும் அரிதே வரும். கிரேடில் மலையின் அழகிய ஏரியை வண்ணப் படங்களிற் கண்டவர் பலர். ஆயின் மாலை மங்கும் நேரத்தில் ரோனி ஓடைப் பக்கத்துப் புல்வெளியில் நின்றால் அதனினும் சிறந்த காட்சி உண்டு. அங்குதான் வாம்பட் மேய வரும். கொழுத்த சிறு கரடி போன்ற உருவம், குறுகிய கால், பெரிய தலை. புல்லே உணவு, நிலத்தைத் தோண்டி வளையில் வாழும். கங்காருவைப் போல இதுவும் வயிற்றுப்பையிற் குட்டியை வளர்ப்பது. ஆயின் அப்பையின் வாய் பின்னோக்கி அமைந்துளது. தாய் மண்ணைத் தோண்டி எறிகையில் குட்டியின் மேல் மண் விழாமைப் பொருட்டு இவ்வமைப்பு. இதன் சாணம் கனசதுரமாக இருத்தல் மற்றொரு புதுமை. குடற்சுவர் ஓரிடத்தில் விறைப்பாகவும் ஓரிடத்தில் நெகிழ்வாகவும் இருத்தலால் அவ்வடிவம் உண்டாகின்றதென அண்மையில் ஆராய்ந்து கண்டனர். கல்லின் மேலும் மரக்கட்டையின் மேலும் தன் எல்லையைக் காட்ட வைக்கும் பொருள் உருண்டோடாமல் நிற்பது அதற்கு நன்றே. கல்லூரி இதழிற் சாணம் பற்றி எழுதலாமோ என்று ஐயுறுவார்க்கு, இயற்கை நூலில் இழிபொருள் இல்லை என்பதே எம் விடை.

இம்மலை மக்கட் பொதுவுடைமையாய்க் காக்கப்படுதற்கு முயன்றவருள் முதல்வர் குஸ்தாவ் வைண்டார்பர் என்னும் ஆஸ்திரியர். 1912-இல் இங்கே ‘வால்ட்ஹைம்’ என்ற மரவீட்டைக் கட்டி வழிப்போக்கரை விருந்தோம்பினார். 1922-இல் இந்நிலம் காப்பிடமாயிற்று. இங்கிருந்து தெற்கே செயின்ட் கிளேர் ஏரி வரை 65 கிலோமீட்டர் நீளும் நடைவழி ஒன்று உண்டு. ஆறு நாள் நடந்து ஏரியின் வடமுனையைச் சேர்ந்தால், ஒரு சிறு படகு எஞ்சிய வழியைத் தண்ணீரிற் கடத்திவிடும். வேனிலில் யாவரும் வடக்கிருந்து தெற்காகவே நடத்தல் வேண்டும், முன்பதிவும் செய்தல் வேண்டும் என்பது விதி. மழை, ஆலங்கட்டி, வெயில் மூன்றும் ஒரே பகலில் வரக்கூடிய இடம் அது. ஆகலின் கம்பளி உடை இன்றிப் புறப்படுதல் அறியாமையாம்.

ஓடைகளிலும் ஏரிகளிலும் விடியலிலும் அந்தியிலும் அசையாது அமர்ந்திருப்பார்க்குப் பிளாட்டிபஸ் தோன்றும். வாத்தின் அலகு, நீர்நாயின் மயிர், தட்டை வால். முட்டையிடும், பாலும் ஊட்டும். 1799-இல் இதன் பாடம்செய்த தோல் இங்கிலாந்திற்கு வந்தபோது, எவரோ வாத்தலகை ஒரு விலங்கின் தோலோடு தைத்து ஏமாற்றினர்போலும் என்று அறிஞர் ஜார்ஜ் ஷா ஐயுற்றனர். நீருட் கண்ணையும் செவியையும் மூடிக்கொண்டே இது இரை தேடும். இரையின் தசை அசைவில் எழும் நுண்ணிய மின்னை அலகால் உணரும். ஆணின் பின்காலில் நச்சுமுள் உண்டு. தமிழ் பயில்வோராகிய எமக்கு இதனிடத்து வேறொரு சிக்கல் தோன்றிற்று. தொல்காப்பிய மரபியல் பறவையின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்களையும், எலி அணில் முதலியவற்றின் இளமைக்குக் குட்டி என்பதனையும் வகுத்துரைக்கின்றது. முட்டையிற் பிறந்து பால் குடிக்கும் இதன் இளமையை எப்பெயரால் அழைப்பது? ஆசிரியர் தொல்காப்பியனார் தவழ்வனவற்றையும் பறப்பனவற்றோடு சேர்த்திருத்தலின் பார்ப்பு எனலாம் என்று ஒரு நண்பர் வாதிட்டார். பாலுண்பதனாற் குட்டியே என்பது எம் கட்சி. எகிட்னா என்னும் முள்ளுடை விலங்கும் முட்டையிட்டுப் பாலூட்டுவதாகலின் அவ்வழக்கு அதற்கும் ஒக்கும்.

இனிப் பேயைப் பற்றிச் சொல்லுதும். முதலிற் குடியேறிய ஆங்கிலேயர் இரவில் புதரிடை எழும் அலறலைக் கேட்டு அஞ்சி இவ்விலங்கிற்குப் பேய் என்று பெயரிட்டனர். உண்மையில் அது 12 கிலோகிராமுக்கு மேற்படாத, கரிய மயிரும் மார்பில் வெள்ளைக் கீற்றும் உடைய சிறு விலங்கே. செத்த உடலை எலும்போடும் மயிரோடும் தின்று காட்டைத் தூய்மை செய்வது அதன் தொழில். ஒரே ஈற்றில் 20-க்கு மேற்பட்ட, அரிசி அளவினவாகிய குட்டிகள் பிறக்கும். பையிலுள்ள முலைக்காம்புகளோ நான்கே. முந்திப் பற்றியவை வாழும், ஏனைய மடியும்.

1996-இல் தீவின் வடகிழக்கில், முகத்திற் பெருங்கட்டியோடு கூடிய பேய் ஒன்று நிழற்படத்திற் பதிந்தது. அக்கட்டி புற்றுநோய், அதுவும் தொற்றும் புற்றுநோய். புற்று ஓர் உடலிற் பிறந்து அவ்வுடலோடே அழிதல் இயல்பு. இதுவோ அங்ஙனமன்று. இவ்விலங்குகள் இரைக்கும் இணைக்கும் பொருதுகையில் ஒன்றையொன்று முகத்திற் கடிக்கும். அக்கடிவாயில் நோயுற்றதன் புற்றணுக்களே உயிரோடு மற்றொன்றின் உடலிற் சென்று பயிராகின்றன. என்றோ இறந்துபோன ஒரு பெண்பேயின் உடலணுவே இன்றும் ஆயிரக்கணக்கான முகங்களில் வளர்கின்றது என்றால் வியப்பும் அச்சமும் ஒருங்கே தோன்றும். வாயும் கண்ணும் அடைபட்டு, உண்ண இயலாது சில திங்களில் விலங்கு மாயும். நோய் பரவிய இடங்கள் பலவற்றில் பத்தில் எட்டுப் பங்கு குறைந்துபோயின. 2014-இல் இத்தகைய புற்றிலேயே வேறு ஒரு வகையும் தென்கிழக்கில் தோன்றிற்று. நீர் மதில் புறத்துப் பகையைத் தடுத்தது. அகத்துப் பிறந்த பகைக்கு அது யாது செய்யும்?

தென்கிழக்கிலுள்ள தலைநகர் ஹோபார்ட். அதற்குப் பின்னணியாய் 1,271 மீட்டர் உயரமுள்ள குனான்யி என்னும் வெல்லிங்டன் மலை நிற்கின்றது. இந்நகரில், 1936 செப்டம்பர் 7-ஆம் நாள், விலங்குச் சாலை ஒன்றில் தைலசீனின் கடைசி உயிர் போயிற்று. ஓநாய் போன்ற தலையும், முதுகில் வரிகளும், வயிற்றிற் பையும் உடையது அது. ஆடுகளைக் கொல்கின்றதென்று பழி சுமத்தி, 1888 முதல் 1909 வரை அரசாங்கத்தார் வளர்ந்த புலி ஒன்றுக்கு ஒரு பவுன் வீதம் பரிசு தந்தனர். 2,184 முறை அப்பரிசு கொடுக்கப்பட்டதாகக் கணக்கு உளது. இனிக் கொல்லலாகாது என்று சட்டம் செய்தது 1936 ஜூலை 10-இல். கடைசிப் புலி இறத்தற்கு 59 நாள் முன்னர். பேய்க்கு வந்த நோயைக் கண்டு தாஸ்மேனிய மக்கள் இத்துணைப் பதைத்தமை அந்த 59 நாள் அவர் நெஞ்சை விட்டு அகலாமையாற்போலும்.

ஹோபார்ட்டுக்குத் தெற்கே கெட்டரிங் துறையிலிருந்து 20 நிமிடத்தில் புரூனித் தீவுக்கு வண்டிகளையும் மக்களையும் ஏற்றிச் செல்லும் பெர்ரிக் கப்பல் உண்டு. புரூனி இரு நிலத்துண்டு. இடையே மணலாலான ஒரு கழுத்து. அக்கழுத்தின் மணல்மேட்டில் வளை அமைத்து முட்டையிடுகின்றன சிறு பெங்குவின்கள். அவற்றின் உயரம் முழங்காலளவும் இல்லை. இருள் கவிந்த பின்னரே கூட்டமாய்க் கரையேறும். வெண்ணிற விளக்கு அவற்றின் கண்ணை மறைக்குமாதலால், பார்க்க வருவோர் விளக்கிற்குச் சிவப்புத் தாள் கட்டுதல் வேண்டும். அம்மேட்டின் உச்சி துருகனினி அம்மையார் பெயரைத் தாங்கியுளது. 1812-ஐ ஒட்டி இத்தீவிற் பிறந்த பழங்குடிப் பெண்மணி அவர். தம் இனம் குடியேறியவரால் கொலையுண்டும் பெயர்க்கப்பட்டும் சிதைந்ததைக் கண்டு 1876-இல் மறைந்தார். இறந்தபின் தம் உடலைத் துண்டாக்காதிருக்க வேண்டினார். அவ்வேண்டுகோள் மறுக்கப்பட்டு அவர் எலும்புக்கூடு 1947 வரை அரும்பொருட் சாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. 1976-இல்தான் எரியூட்டப்பெற்றுச் சாம்பல் புரூனிக்கு முன்னுள்ள கடற்காலிற் கரைக்கப்பட்டது. அவரோடு அவ்வினம் முடிந்ததென்று பழைய நூல்கள் எழுதின, அது பொய். வழித்தோன்றல்கள் இன்றும் பல்லாயிரவராய் வாழ்கின்றனர். விலங்கு காணச் செல்வோர் இதனை அறியாது அந்த மேட்டில் ஏறி இறங்குதல் தகாது.

புரூனியின் வெண்மரக் காடுகளில் நாற்பது புள்ளிப் பர்தலோட்டு என்னும் விரலளவுப் பறவை உளது. ‘வெள்ளைப் பசைமரம்’ எனப்படும் ஒருவகை யூக்கலிப்டஸின் இனிய பிசினே அதன் தலையாய உணவு. மரம் வெட்டுண்ட இடமெல்லாம் பறவையும் இல்லையாயிற்று. எஞ்சியவற்றின் குஞ்சுகளையோ ஓர் ஈயின் புழுக்கள் கூட்டினுள் இரத்தம் உறிஞ்சிக் கொல்கின்றன. ஆராய்ச்சியாளர், புழுக்கொல்லி மருந்திட்ட இறகுகளைக் காட்டில் வைத்தனர். பறவைகள் தாமே அவற்றை எடுத்துக் கூட்டில் மெத்தையாக இட்டுக்கொள்ள, குஞ்சுகள் பிழைத்தன. மருத்துவம் நோயாளி வீட்டிற் புகாமல் நோயாளியே மருந்தை எடுத்துச் செல்லும் இம்முறை எமக்கு மிக இனிதாய்த் தோன்றிற்று.

கீழ்க்கரை வழியே வடக்கே சென்று டிரயபன்னா துறையிற் படகேறினால் மரியாத் தீவு. அங்குக் கடையில்லை, வழிப்போக்கர் வண்டியும் இல்லை. உணவு முழுதும் முதுகிலேயே செல்லல் வேண்டும். முற்காலத்துக் கைதிகள் கிடந்த டார்லிங்டன் சிறைக்கூடமே இன்று வழிப்போக்கர் உறங்கும் இடம். வாம்பட்டும் கங்காருவும் காட்டு வாத்தும் பகலிலேயே சிறை முற்றத்தில் மேயும். அவற்றைத் துரத்தாமலும் அணைத்துப் படம் எடுக்காமலும் இருப்போம் என்று வருவோரிடம் உறுதிமொழி வேண்டுகின்றனர். வாம்பட்டின் அழகு அத்துணைத் துன்பத்தை அதற்கு விளைத்தது!

2012-இல் நோயற்ற பேய்கள் சில இத்தீவிற் கொண்டுவந்து விடப்பட்டன. பெருந்தீவு முழுதும் நோயால் அழியினும், கடல் சூழ்ந்த மரியாவில் ஒரு குடி பிழைத்திருக்கும் என்பது எண்ணம். இயற்கை முன்பு செய்ததை மனிதர் அறிந்து செய்தனர். பேய்கள் பெருகின. ஆயின் மரியாவிற் பேய் இருந்ததே இல்லை. அதனாலேயே அங்குப் பெங்குவின்கள் அச்சமின்றி நிலத்தில் முட்டையிட்டு வந்தன. ஏறத்தாழ 3,000 இணைகள் இருந்தவிடத்தில் ஒன்றும் இல்லையென்று 2021-இல் பறவை ஆய்வோர் அறிவித்தனர். இதனைக் கேட்டு ஒருசாரார் திட்டத்தையே பழித்தனர். எம் கருத்து அதுவன்று. சிறு பெங்குவின் வேறு பல கரைகளில் உண்டு. பேயோ தாஸ்மேனியாவை விட்டால் காட்டுவிலங்காய் வேறெங்கும் இல்லை. தைலசீனை இழந்த மக்கள் அவ்வாறு துணிந்ததில் பிழை காண்டல் எளிதன்று. ஆயினும் மரியாவின் பெங்குவின்களுக்கு அந்நியாயம் ஒருபோதும் விளங்கியிராது.

கடைசியாகச் சாலை. இத்தீவின் விலங்குகளிற் பெரும்பாலன இரவில் உலாவுவன. சாலையோரப் புல் பனியால் இனியது. ஆகலின் ஆண்டுதோறும் பல இலட்சம் உயிர்கள் வண்டிச் சக்கரத்தில் மடிகின்றன. செத்த வாலபியைத் தின்ன வரும் பேயும் அங்கேயே அடிபடுகின்றது. நடந்தோ வண்டியிலோ செல்வார் அந்தி முதல் விடியல்வரை வண்டியோட்டாதிருத்தலும், ஓட்டுவதாயின் மெல்ல ஓட்டுதலும், கிடக்கும் பிணத்தைச் சாலையினின்று அகற்றிவிடுதலும் அங்குள்ளோர் கூறும் அறிவுரை. அகற்றுமுன் பையைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். தாய் இறந்து நெடுநேரம் ஆயினும் பையினுள் குட்டி உயிரோடு இருத்தல் உண்டு. மயிர் முளையாத குட்டி முலைக்காம்பை இறுகப் பற்றியிருக்கும். அதனைப் பிடுங்கலாகாது, வாய் கிழியும். அதற்கென அமைந்த மீட்பாளரைத் தொலைபேசியில் அழைத்தால் எந்நேரமும் வழி சொல்வர். அவர்கள் குட்டியைத் துணிப்பையில் இட்டு மார்போடு அணைத்து, சில மணிக்கொருமுறை பாலூட்டிப் பல திங்கள் வளர்த்து, புல் மேயத் தெரிந்தபின் மீண்டும் காட்டில் விடுகின்றனர்.